நவீன நிலக்காட்சி ஓவியத்தில் நிறமும் ஒளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவீன நிலக்காட்சி ஓவியத்தின் முன் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. நிழல் ஏன் ஊதாவாக இருக்கிறது, வானத்தில் பச்சைக்கு என்ன வேலை, சூரியனே இல்லாத படத்தில் இத்தனை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? குறிப்பிட்ட சில ஓவியங்களை முன்வைத்தே பதில் சொல்ல முயல்கிறேன். முடிந்தால் அந்தந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். பாதிப் பதில் படத்திலேயே இருக்கிறது.

நவீன நிலக்காட்சி ஓவியம் என்று எந்தக் காலத்தைச் சொல்கிறோம்?

1860களில் பிரான்ஸில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளலாம். மோனே, செசான், சூரா, வான்கோ, மத்தீஸ், தெரான், காண்டின்ஸ்கி, கனடாவின் டாம் தாம்சன் ஆகியோர் இதற்குள் வருகிறார்கள். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள்தான். ஆனாலும் எல்லோரும் ஒரே சிக்கலை எதிர்கொண்டார்கள். அது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

வண்ணம் தானாக ஒளி வீசுவதில்லையே, பிறகு ஓவியம் எப்படி ஒளிர்கிறது?

மற்றக் கேள்விகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்பு நான்கைந்து சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆக, ஓவியரின் கையில் இருக்கும் மொத்த வீச்சு இருபது மடங்கு, மிஞ்சினால் முப்பது மடங்கு. வெளியே, உச்சிவெயில் படும் வெள்ளைச் சுவருக்கும் அதே சுவரின் திறந்த கதவுக்குள் தெரியும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு பல நூறு மடங்கு. காட்சிக்குள் சூரியனும் இருந்துவிட்டால் அந்தக் கணக்குக்கே எல்லை கிடையாது. வெளிச்சத்தை அப்படியே நகலெடுப்பது எந்த ஓவியராலும் இயலாத காரியம்.

பழைய ஓவியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். படத்தின் பெரும்பகுதியைப் பழுப்பிலும் கருமையிலும் ஆழ்த்திவிட்டு, ஒளி விழும் இடத்தை மட்டும் வெளிறவிடுவார்கள். சுற்றிலும் இருள் இருப்பதால் அந்தச் சிறிய இடம் சுடர்விடும். அறைக்குள் நடக்கும் காட்சிக்கு அது அற்புதமான வழி. திறந்த வயலுக்கு அது பொருந்தாது. நண்பகல் வயலில் இருட்டு என்பதே அநேகமாகக் கிடையாது. நிழல்கூட வெளிச்சமாகத்தான் இருக்கும். பழைய முறையில் தீட்டிய நண்பகல், மாலை ஆறு மணி போலத் தெரிந்தது.

நவீன ஓவியர்கள் படம் முழுவதையும் வெளிச்சமான அளவில் நிறுத்தினார்கள். இருளும் வெளிச்சமும் செய்துவந்த வேலையை நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டிடம் ஒப்படைத்தார்கள். வெயில் படும் பக்கம் மஞ்சள், படாத பக்கம் ஊதா. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் கொண்டவையாக இருக்கலாம்; ஆனால் வெம்மையும் குளிர்ச்சியும் மோதும் அந்த விளிம்பில் கண் வெயிலை உணர்ந்துகொள்கிறது. சூரியனை மறுபடி உருவாக்க முடியாது, அதை வேறொன்றைக் கொண்டு, அதாவது நிறத்தைக் கொண்டுதான் குறிக்க முடியும் என்று கண்டுகொண்டபோது தனக்கு நிறைவு ஏற்பட்டதாக செசான் சொன்னதை மொரீஸ் தெனி என்ற ஓவியர் பதிவு செய்திருக்கிறார். நவீன நிலக்காட்சியின் அடித்தளமே இந்தக் கண்டுபிடிப்புதான் என்பது என் கருத்து.

நிழல் உண்மையிலேயே நீலமா, அல்லது ஓவியர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

இரண்டும் உண்மை. முதலில் இயற்பியல். தெளிந்த நாளில் ஒரு பொருளின்மேல் இரண்டு ஒளிகள் விழுகின்றன: சூரியனிலிருந்து நேராக வரும் சற்றே மஞ்சளான ஒளி, வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் நீல ஒளி. ஒரு மரம் சூரியனை மறைத்தால் முதல் ஒளி நின்றுவிடும், இரண்டாவது நிற்காது. எனவே நிழலுக்குள் இருக்கும் வெளிச்சம் வானத்தின் நீலமே. நாம் அதைக் கவனிப்பதில்லை என்பதற்கு மூளையின் பழக்கம் காரணம். வெள்ளைத் துணி எந்த ஒளியில் இருந்தாலும் வெள்ளைதான் என்று மூளை திருத்தி எழுதிவிடுகிறது.

இதைச் சோதிக்க மிகச் சிறந்த இடம் பனி. மோனே 1868–69 குளிர்காலத்தில் தீட்டிய ‘மேக்பை’ என்ற படத்தைப் பாருங்கள். பனி மூடிய தோட்டம், குச்சிகளைப் பின்னிக் கட்டிய வேலி, அதன் படல்கதவின்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. வேலியின் நிழல் பனியில் நீலமாக நீண்டு கிடக்கிறது. இன்று பார்க்கும் எவருக்கும் அதில் விசித்திரம் எதுவும் தெரியாது. 1869ஆம் ஆண்டு பாரிஸ் அரசுக் கண்காட்சியின் தேர்வுக்குழு அதை நிராகரித்தது.

அடுத்தது, கண் செய்யும் வேலை. பிரான்ஸின் கோபலான் அரச நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார்; சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நிறங்கள்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தன. அருகருகே வைக்கப்படும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தத்தம் எதிர்நிறத்தின், அதாவது நிறவட்டத்தில் நேர் எதிரே இருக்கும் நிறத்தின் பக்கம் தள்ளுகின்றன என்று 1839இல் அவர் விரிவாக எழுதினார். மஞ்சள் வெயிலுக்குப் பக்கத்தில் உள்ள சாம்பல் நிழல், ஊதாவை நோக்கிச் சாய்ந்து தெரியும்.

மிகைப்படுத்தலுக்கு வருவோம். வானத்தின் நீலமும் கண்ணின் ஊதாவும் இயற்கையில் மெல்லியவை. ஓவியர் அவற்றை உரக்கச் சொல்கிறார். ஒளியின் வீச்சில் இழந்ததை நிறத்தின் செறிவில் ஈடுகட்டுகிறார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நுண்ணிய ஓர் உண்மைக்கு அவர் உரிய பெலம் கொடுக்கிறார்.

மோனேயின் ‘மனப்பதிவு: சூரிய உதயம்’ படத்தில் சூரியன் ஏன் துடிப்பது போல் இருக்கிறது?

1872 என்று மோனே தேதியிட்ட இந்தப் படம், பிரான்ஸின் ல ஹாவ்ர் துறைமுகத்தைக் காட்டுகிறது. நீலச்சாம்பல் மூட்டம், தொலைவில் கப்பல்களின் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும், முன்னால் இருண்ட சிறு படகுகள், நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், தண்ணீரில் அதன் உடைந்த பிரதிபலிப்பு. 1874இல் பாரிஸில் நடந்த குழுக் கண்காட்சியில் இதைப் பார்த்த லூயி லெரோய் என்ற விமர்சகர், தலைப்பில் உள்ள ‘மனப்பதிவு’ (பிரெஞ்சில் ‘இம்ப்ரெஷன்’) என்ற சொல்லை வைத்தே கேலி செய்து எழுதினார். இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயர் அந்தக் கேலியிலிருந்து வந்தது.

இந்தப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் அநேகமாகக் காணாமல் போய்விடும்! ஆரஞ்சு வட்டமும் அதைச் சூழ்ந்த சாம்பல் வானமும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை. உண்மையான சூரியன் வானத்தைவிட எப்போதும் பல மடங்கு பிரகாசமானது. மோனே வெள்ளையும் மஞ்சளும் குழைத்துச் சூரியனை இன்னும் வெளிச்சமாக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது வெறும் வெளிறிய புள்ளியாகியிருக்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்குத் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மூளையில் பொருளின் இடத்தையும் அசைவையும் கணிக்கும் பகுதி, வெளிச்ச வேறுபாட்டை மட்டுமே நம்புகிறது. நிறத்தை அது அறியாது. நிறத்தை அறிவது வேறு பகுதி. மோனேயின் சூரியனை இரண்டாவது பகுதி தெளிவாகப் பார்க்கிறது, முதல் பகுதிக்கு அது புலப்படுவதில்லை. பார்வைக்கு இருக்கிறது, இடம் மட்டும் நிலைகொள்வதில்லை. அந்தத் தடுமாற்றம்தான் துடிப்பு. ஆய்வுக்கூடம் பின்னாளில் விளக்கியதை மோனே தன் கண்ணைக் கொண்டு, தட்டில் நிறம் குழைத்துக் கண்டடைந்திருந்தார்.

ஒரே வைக்கோற்போரை மோனே ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார்?

வைக்கோற்போர் அவருக்குச் சாக்கு, பொருள் ஒளி. 1890–91இல் தன் வீட்டருகே இருந்த போர்களை அவர் ஏறத்தாழ 25 படங்களாகத் தீட்டினார். ஒளி மாறியதும் ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். 1891 மே மாதம் அவற்றில் 15 படங்கள் பாரிஸில் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒன்றாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: பொருளுக்கென்று சொந்த நிறம் எதுவும் இல்லை, நேரத்துக்குத்தான் நிறம் உண்டு.

அந்த வரிசையில் ஒன்றை மாஸ்கோவில் பார்த்த இளம் காண்டின்ஸ்கிக்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை. பட்டியலைப் பார்த்த பிறகே வைக்கோற்போர் என்று அறிந்தார். பொருளை அடையாளம் காண முடியாதபோதும் படம் தன்னைப் பிடித்துக்கொண்டதை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். பொருள் எதையும் காட்டாத அருவ ஓவியத்துக்கு அவர் வந்து சேர்ந்த பாதையில் அந்த வைக்கோற்போர் ஒரு முக்கியமான நிறுத்தம்.

செசானின் மலைக்காட்சிகளில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கண்டுபிடிக்கவே முடியவில்லையே?

பல படங்களில் கண்டுபிடிக்க முடியாதுதான்; உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. செசான் தன் சொந்த ஊரான எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் அருகிலுள்ள சேன்ட் விக்டுவார் மலையை வாழ்நாளெல்லாம் வரைந்தார். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் மலை அது. 1902 முதல் 1906இல் இறக்கும் வரை வரைந்தவற்றில், ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்ற பிரிவினை ஏறக்குறைய கரைந்துபோகிறது. காவி, பச்சை, நீலம், ஊதா எனச் சிறு சிறு பட்டைகளாகத் தீற்றல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தீற்றலும் பக்கத்துத் தீற்றலைவிடச் சற்றே வெம்மையாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கும். மலையின் முகடு, சரிவு, பள்ளம் எல்லாம் அந்தச் சிறு மாற்றங்களால் உருவாகின்றன.

1876இல், கடலோர ஊரான எஸ்டாக்கிலிருந்து மூத்த ஓவியர் பிஸாரோவுக்கு எழுதிய கடிதத்தில் இதன் விதை இருக்கிறது. இங்கே வெயில் அவ்வளவு கடுமையாக இருக்கிறது, பொருள்கள் கறுப்பு வெள்ளையில் மட்டுமின்றி நீலம், சிவப்பு, பழுப்பு, ஊதா நிறங்களிலும் நிழலுருவாகத் தெரிகின்றன என்று எழுதினார். கடுமையான வெயில் உருண்டையைத் தட்டையாக்கிவிடுகிறது. பொருளின் திரட்சியை இருள்–வெளிச்சத்தால் காட்ட முடியாத இடத்தில், நிறத்தால் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது.

1904இல் எமில் பெர்னார் என்ற இளைஞருக்கு எழுதிய கடிதம் இன்னும் தெளிவானது. இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைக் கொண்டு கையாள வேண்டும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தக் கடிதத்தைத்தான். அதே கடிதத்தின் பிற்பகுதியை யாரும் சொல்வதில்லை. இயற்கை நமக்கு மேற்பரப்பைவிட ஆழமாகவே இருக்கிறது; எனவே சிவப்பாலும் மஞ்சளாலும் குறிக்கப்படும் ஒளியதிர்வுகளுக்குள், காற்றை உணர்த்தும் அளவுக்கு நீலத்தைச் சேர்க்க வேண்டும் என்கிறார். கூம்பைவிட இந்த நீலமே அவருடைய மலைகளைப் புரிந்துகொள்ள உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். மலைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் வெளிதான் அந்த நீலம்.

வானத்தில் பச்சைத் தீற்றல்கள் எதற்கு?

பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ள, 1902–04 காலத்து மலைப்படத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கீழே சமவெளியில் உள்ள பச்சை, மேலே வானத்திலும் வருகிறது. வெம்மையான நிறம் முன்னே வரும், குளிர்ந்தது பின்னே போகும் என்பது பழைய விதி. முன்னால் உள்ள நிறத்தைப் பின்னாலும் வைப்பதன் மூலம் செசான் அந்த விதியை வேண்டுமென்றே தளர்த்துகிறார். கண் தொலைவுக்குப் போகிறது, உடனே கேன்வாஸின் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. படம் ஒரே சமயத்தில் ஆழமாகவும் தட்டையாகவும் நிற்கிறது.

வெள்ளையாக விடப்பட்ட இடங்கள் முடிக்காமல் விட்டவையா?

சில படங்களில் ஆம். பலவற்றில் அவை ஒளியின் பங்காளிகள். நீர்வண்ணத்தில் வெறும் தாளைவிடப் பிரகாசமானது எதுவும் கிடையாது. செசான் தாளையே வெயிலாக்கினார். எண்ணெய் வண்ணத்திலும் அவர் அந்தப் பாடத்தைப் பின்பற்றினார். மத்தீஸ் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

சூராவின் புள்ளிகள் கண்ணுக்குள் கலந்து அதிக ஒளி தருகின்றன என்பது சரியா?

பாதி சரி. வண்ணங்களைத் தட்டில் குழைத்தால் மங்குகின்றன. புள்ளிகளாக அருகருகே வைத்தால் கண்ணுக்குள் சேர்ந்து பிரகாசமாகும் என்பது அந்தக் காலத்தில் பலர் நம்பிய கருத்து. 1879இல் நிறவியல் நூல் எழுதிய அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூடின் பக்கங்களை சூரா கவனமாகப் படித்திருந்தார். ஆனால் புள்ளிகள் முழுவதும் கலந்துவிட்டால் கிடைப்பது அவற்றின் சராசரி வெளிச்சம் மட்டுமே. சராசரி, இருப்பதிலேயே பிரகாசமான புள்ளியைத் தாண்ட முடியாது. எதிர்நிறப் புள்ளிகள் முழுவதும் கலந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

பிறகு ஏன் அந்தப் படங்கள் மினுங்குகின்றன? நாம் வழக்கமாக நிற்கும் தூரத்தில் புள்ளிகள் முழுவதும் கலப்பதில்லை என்பதால்! கலக்கவும் இல்லை, பிரிந்தும் நிற்கவில்லை. அந்த நடுநிலையில் மேற்பரப்பு நடுங்குகிறது. 1885இல் அவர் வரைந்த ‘பெக் டு ஹோக்’ என்ற கடற்பாறைக் காட்சியில், பாறையின் புல்பரப்பை முதலில் அருகிலும் பிறகு விலகியும் பாருங்கள். நடுங்கும் தூரம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து அங்கே நின்றுவிடுங்கள்.

வான்கோவின் மஞ்சள் வெயிலா, உணர்ச்சியா?

இந்தக் கேள்வியே தவறான பிரிவினை என்று நினைக்கிறேன். 1888 பிப்ரவரியில் வான்கோ ஆர்ல் நகருக்குப் போனார். அந்த ஜூன் மாதம் தீட்டிய ‘விதைப்பவன்’ படத்தில், முக்கால்வாசிப் பரப்பு உழுத வயல். அது ஊதாவும் நீலமும், ஊடே ஆரஞ்சுத் தீற்றல்களும் கொண்டது. மேலே மஞ்சள் வானம், அடிவானத்தில் மஞ்சள் சூரியன். மண் அப்படி ஊதாவாக இருக்காது என்று அவருக்கே தெரியும். மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. அதை வயல் முழுவதும் பரப்பியதால் வானத்து மஞ்சள் தன் முழுப் பெலத்தோடு எழுகிறது. விரல் அகல வானம்தான், ஆனால் படம் முழுவதும் சூரியனாகத் தெரிகிறது. நுட்பத்தை அவர் கற்றுத் தேர்ந்திருந்ததால்தான் உணர்ச்சி அங்கே வந்து சேர்ந்தது. பித்துப் பிடித்தவர் கை போன போக்கில் வரைந்தவை என்ற கதை அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

மத்தீஸும் தெரானும் நிறத்தை இயற்கையிலிருந்து முற்றிலும் அறுத்துவிட்டார்களா?

1905 கோடையில் இருவரும் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை ஊரான கோலியூரில் வேலை செய்தார்கள். அந்த ஆண்டின் இலையுதிர்காலக் கண்காட்சியில் இந்தப் படங்களைப் பார்த்த விமர்சகர் லூயி வோக்ஸெல், காட்டு விலங்குகள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதுதான் ஃபாவிசம்.

மத்தீஸின் ‘திறந்த ஜன்னல், கோலியூர்’ படத்தில் ஜன்னலின் ஒரு பக்கச் சுவர் நீலப்பச்சை, மறுபக்கச் சுவர் செந்நீலம். வெளியே கடல் இளஞ்சிவப்பு, படகுகளின் கம்பங்கள் ஆரஞ்சு. எதுவும் இயற்கையில் இல்லாத நிறம். ஆனால் கண்கூசும் கடலோரத்துக்கு ஜன்னலைத் திறந்த அனுபவம் அதில் துல்லியமாக இருக்கிறது. நிறங்கள் பொருள்களிலிருந்து விலகியிருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான உறவு வெயிலிலிருந்து விலகவில்லை.

தெரான் அந்த ஜூலையில் நண்பர் விளாமிங்குக்கு எழுதிய கடிதம் இந்த விஷயத்தின் மையத்தைத் தொடுகிறது. இங்கே ஒளி மிகவும் வலுவானது, நிழல்கள் மிகவும் வெளிச்சமானவை. நிழல் என்பதே தெளிவும் ஒளியும் நிறைந்த ஓர் உலகம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு அவர் லண்டன் போய் தேம்ஸ் நதியைப் பச்சையிலும் மஞ்சளிலும் நீலத்திலும் வரைந்தார். மூட்டமான ஊர் என்று எல்லோரும் அறிந்த இடத்துக்குத் தெற்குக் கடலின் வெயிலைக் கொண்டுபோனது எனக்கு முழுவதும் உவப்பானதில்லை. கோலியூர்ப் படங்களில் இருக்கும் அவசியம் லண்டன் படங்கள் சிலவற்றில் இல்லை. நிறம் அங்கே பழகிப்போன ஒரு பாணியாகத் தொனிக்கிறது.

வெயில் குறைந்த வடக்கு நாடுகளிலும் இந்த முறை வேலை செய்ததா?

செய்தது. டாம் தாம்சன் கனடாவின் அல்கான்குவின் காட்டில் படகில் அலைந்து, ஏறத்தாழ 21 செ.மீ. உயரமும் 27 செ.மீ. அகலமும் உள்ள சிறு பலகைகளில் வரைந்தவர். 1917இல் அங்கேயே ஓர் ஏரியில் இறந்தார். ஒட்டாவாவிலுள்ள அவருடைய ‘ஜாக் பைன்’ படத்தில் ஏரிக்கரையில் ஒற்றைப் பைன் மரம், பின்னால் குன்றுகள், அந்திநேர வானம். வானமும் நீரும் அகலமான கிடைமட்டத் தீற்றல்களால் ஆனவை. குளிர்ந்த நீலத்துக்கும் பச்சைக்கும் அடியில் அவர் சிவப்பை அடித்தளமாகப் பூசியிருக்கிறார். விளிம்புகளில் அது எட்டிப்பார்க்கிறது. சாம்பலில் ஊதி மூடிய கனல் போல, அந்தச் சிவப்பு குளிர்ந்த நிறங்களை உள்ளிருந்து சூடாக்குகிறது. அந்த விளிம்புகளை நல்ல தெளிவுள்ள படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கறுப்பை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்களா?

மோனே 1905இல் தன் வண்ணத்தட்டைப் பற்றி எழுதியபோது வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், ஒரு பச்சை என்றே பட்டியலிட்டார், கறுப்பு இல்லை. மத்தீஸ் எதிர்த்திசையில் போனார். 1914இல் அவர் வரைந்த கோலியூர் ஜன்னல் படத்தில், வெளி தெரிய வேண்டிய இடம் முழுவதும் கறுப்பு. கறுப்பை இருளின் நிறமாகக் கொள்ளாமல் ஒளியின் நிறமாகவே பயன்படுத்தத் தொடங்கியதாக, சற்றுப் பிந்திய ஓர் ஓவியத்தைக் குறித்து அவர் சொன்னார். கடும் வெயிலை நேராகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியவர்களுக்கு இது புரியும்.

ட்யூப் வண்ணங்கள் இல்லாமல் இது நடந்திருக்குமா?

இவ்வளவு வேகமாக நடந்திருக்காது. ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் பிதுக்கக்கூடிய தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் குழைத்த வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கப்பட்டது. வெளியே சுமந்து போவது சிரமம். நிறமிகளும் பெருகின. கோபால்ட் நீலம் 1802, செயற்கை அல்ட்ராமரீன் நீலம் 1820களின் பிற்பகுதி, விரிடியன் என்ற தெளிந்த பச்சைக்குக் காப்புரிமை 1859. செயற்கை அல்ட்ராமரீனின் வரவு பெரிய விஷயம். அதுவரை அந்த நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் கல்லை அரைத்துப் பெறும், பொன்னுக்கு நிகரான விலையுள்ள பொருள். நிழல் முழுவதையும் நீலத்தில் தீட்டும் துணிவுக்கு மலிவான நீலம் வேண்டியிருந்தது.

இன்று நாம் பார்ப்பது அவர்கள் தீட்டிய அதே நிறங்களா?

பல படங்களில் இல்லை. இது வருத்தமான செய்திதான். சூராவின் ‘லா கிராந்த் ஜாத்’ படத்தில் புல்வெளியில் வைத்த துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளுக்குள்ளேயே பழுப்பேறத் தொடங்கியது. வான்கோவின் குரோம் மஞ்சள் கருகுவதற்கு, ஒளி பட்டு குரோமியம் வேதிமாற்றம் அடைவதே காரணம் என்று 2011இல் வெளியான எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது. அவர் பயன்படுத்திய ஒரு செஞ்சாயம் வெளுத்துவிட்டதால், அவருடைய ‘படுக்கையறை’ படத்தின் ஊதாச் சுவர்கள் இன்று நீலமாக நிற்கின்றன. மத்தீஸின் ‘வாழ்வின் களிப்பு’ படத்தில் காட்மியம் மஞ்சள் சில இடங்களில் தந்த நிறமாக வெளிறிவிட்டது, சில இடங்களில் பழுப்பாகிவிட்டது.

விளைவு ஒரு நிறத்தோடு நிற்பதில்லை. மேலே சொன்னபடி இந்தப் படங்களில் ஒளி உறவுகளில் இருக்கிறது. ஊதா நீலமானால் பக்கத்து மஞ்சளின் எதிர்நிறமே போய்விடுகிறது. கெடாத மஞ்சளும் சேர்ந்து சோர்கிறது.

கண்புரைதான் மோனேயின் கடைசிக்கால நிறங்களுக்குக் காரணமா?

ஓரளவு. 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. 1923இல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. புரை கண்ணுக்குள் மஞ்சள்பழுப்புத் திரை போட்டு நீலத்தை வடிகட்டிவிடும். அந்த ஆண்டுகளின் ஜப்பானியப் பாலப் படங்கள் சில செங்கருமையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ட்யூபின்மேல் எழுதியிருந்த பெயரையும் தட்டில் வைத்த வரிசையையும் நம்பி அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆனால் தடித்த தீற்றலும் துணிவான அமைப்பும் நோய் கொடுத்தவை என்பதை ஏற்க முடியாது. அரை நூற்றாண்டுப் பயிற்சி அங்கே வேலை செய்கிறது.

திரையில் பார்த்து இந்த ஓவியங்களை மதிப்பிடலாமா?

அமைப்பைப் பார்க்கலாம், நிறங்களின் உறவை ஓரளவு பார்க்கலாம். ஒளியை மதிப்பிட முடியாது. திரை தானே ஒளிவிடும் பொருள். ஓவியம் தன்மேல் விழும் ஒளியை வைத்துப் பிழைப்பது. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் நிழல் ஒன்றில் ஊதாவாகவும் மற்றொன்றில் சாம்பலாகவும் இருப்பதைப் பலமுறை பார்க்கலாம். அருங்காட்சியகம் தானே வெளியிட்ட படத்தைத் தேடி எடுங்கள்.

நானே வரைந்து பார்க்க எங்கே தொடங்குவது?

கறுப்பையும் ஆயத்தமாகக் கிடைக்கும் பழுப்புகளையும் எடுத்து வைத்துவிடுங்கள். வெயில் படும் ஒரு சுவரும் அதன்மேல் ஒரு நிழலும் போதும். மரம், மலை எதுவும் இப்போது வேண்டாம். நிழலின் நிறத்தை முதலில் குழையுங்கள், வெயிலின் நிறத்தைப் பிறகு. நிழலை இருட்டாக்கும் ஆசை வரும். அதற்குப் பதில் அதைக் குளிர்ச்சியாக்குங்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்துப் பாருங்கள். நிழலும் சுவரும் சாம்பலில் நெருங்கி நின்றும், வண்ணத்தில் வெயில் அடிப்பதாகத் தெரிந்தால் வேலை நடந்திருக்கிறது. முதல் முயற்சிகளில் ஊதா அதிகமாகிவிடுவது இயல்பு. அருகில் ஒரு மஞ்சளை வைத்துப் பார்த்த பிறகு ஊதாவைக் குறையுங்கள். தனியாக வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இயற்கை ஒளியில் இவற்றைப் பார்க்க முடியுமா?

பாரிஸின் ஓராஞ்சரி அருங்காட்சியகம் அதற்கென்றே அமைந்த இடம். மோனேயின் பெரிய அல்லிக்குளப் படங்கள் அங்கே இரண்டு நீள்வட்ட அறைகளில், கூரை வழியே வரும் பகலொளியில் இருக்கின்றன. அவர் இறந்த மறு ஆண்டு, 1927 மே மாதத்தில் அவை திறக்கப்பட்டன. 1960களில் மேலே ஒரு தளம் கட்டி அந்த ஒளியை மறைத்துவிட்டார்கள். நீண்ட சீரமைப்புக்குப் பின் 2006இல் பகலொளி திரும்பவும் அனுமதிக்கப்பட்டது. மேகம் கடக்கும்போது குளத்தின் நீலம் ஒரு படி இறங்கி மீண்டும் ஏறும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று இரண்டு தடவை உள்ளே போக நேரம் ஒதுக்குங்கள்.